ஒரு மணிநேரத்தின் விலை

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் இரவில் வத்தேகம கடைத்தெருவில் கடைசியாகக் கதவடைப்பது கொமியூனிகேஷன் கடைதான். பன்விலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இறங்கி வந்த பிள்ளைகள், கூட வந்த அப்பாமார், கடைசி பஸ் போய்விடுமே என்ற பதற்றம். கையில் போன் இல்லாத வீடு இப்போது குறைவு. ஆனாலும் மேட்டு லயத்தில் சிக்னல் ஒரு கோட்டைத் தாண்டுவதில்லை; பெறுபேற்றுத் தாளை அச்செடுக்க எப்படியும் கடைக்குத்தான் வரவேண்டும். கடைக்காரர் சுட்டிலக்கத்தைத் தட்டுகிறார். திரையில் வட்டம் சுழல்கிறது.

"அண்ணே, இன்னும் சுத்துதா?"

"பொறு தம்பி, முழு நாடும் இப்ப இதைத்தான் பார்க்குது."

கடைக்காரர் சொன்னது சமாளிப்பு இல்லை. ஆண்டுதோறும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றுகிறார்கள். முதல் மணிநேரத்தில் அவர்களும், அவர்களின் அக்காமாரும் மாமாமாரும், டியூஷன் ஆசிரியரும், கட்டாரில் வேலை செய்யும் அப்பாவும் ஒரே தளத்தைத் திறக்கிறார்கள். திறக்காவிட்டால் மறுபடி தட்டுகிறார்கள். அந்த மறுதட்டல்தான் சேவையகத்தை இன்னும் திணற வைக்கிறது: ஒரே ஆள் பத்துத் தடவை தட்டினால் அது பத்துக் கோரிக்கை. அடுத்த வாரம் அதே தளத்தின் பக்கம் எட்டிப்பார்ப்பவர்கள் சொற்பம்.

இப்படியான தளத்தை நடத்துகிறவருக்கு முன்பெல்லாம் இரண்டே வழிகள். அந்த ஓர் இரவைத் தாங்கும் அளவுக்குக் கணினிகளை விலைக்கு வாங்கி, மற்ற நாட்களில் அவற்றுக்கு வீணாக மின்கட்டணம் கட்டலாம். அல்லது சாதாரண நாளுக்குப் போதுமானதை மட்டும் வாங்கி, அந்த இரவில் ஊராரிடம் ஏச்சு வாங்கலாம். 2006 ஆகஸ்டில் அமேசான் நிறுவனம் தன் கணினிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியபோது மூன்றாவது வழி கிடைத்தது. சிறிய கணினி ஒன்றுக்கு மணிக்கு 10 அமெரிக்க சதம். நூறு கணினிகள் ஒரு மணிநேரம் ஓடினாலும் ஒரு கணினி நூறு மணிநேரம் ஓடினாலும் செலவு ஒன்றே. முகில் கணிமை என்று பாடநூல்களிலும் கிளவுட் என்று அலுவலகங்களிலும் சொல்லப்படுவதன் பொருளாதாரம் முழுவதும் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது.

வாடகைக்கு எடுப்பது எளிது. எப்போது எடுப்பது, எத்தனை எடுப்பது, எப்போது திருப்பிக் கொடுப்பது என்பதில்தான் சிக்கல். பெறுபேற்றுத் தளத்தைப் பொறுத்தவரை இதற்கு ஆராய்ச்சியே தேவையில்லை என்பது என் எண்ணம். பெறுபேறு எத்தனை மணிக்கு வெளியாகும் என்பது வெளியிடுகிறவருக்குத் தெரியும். ஒரு மணிநேரம் முன்பே தேவையான கணினிகளைப் போட்டுவைத்தால் முடிந்தது. ஆனால் வெள்ள எச்சரிக்கை வந்த இரவில் ஒரு செய்தித்தளத்துக்கு எத்தனை பேர் வருவார்கள்? கடைசி ஓவருக்கு ஆட்டம் இழுபட்டால் ஸ்கோர் சொல்லும் செயலிக்கு எத்தனை பேர்? இதை யாரும் முன்கூட்டி அறிவிப்பதில்லை. நள்ளிரவில் ஒருவர் விழித்திருந்து பொத்தானை அழுத்துவதும் நடக்காது. மென்பொருளே சுமையைப் பார்த்து, மென்பொருளே தீர்மானிக்க வேண்டும். அந்தத் தீர்மானத்தைச் செம்மைப்படுத்த முயன்றவர்களில் சிலர் நம் நாட்டில், மொறட்டுவையில் இருந்தார்கள். அவர்களிடம் அந்தக் கேள்வி எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

அமேசான் வாடகைக்கு விட்டவை உண்மையில் முழுக் கணினிகள் அல்ல. ஒரே இயந்திரத்தைப் பல மெய்நிகர் கணினிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கணினி என்று நம்பும்படி ஓடவிட்டார்கள். பிரித்துக்கொடுத்த மென்பொருளின் பெயர் ஸென். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் இயன் பிராட்டின் குழு அதை உருவாக்கி, 2003 இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டது. நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். அமேசான் எடுத்துக்கொண்டது. அதே ஆய்விலிருந்து பிறந்த ஸென்சோர்ஸ் நிறுவனத்தை 2007 இல் சிட்ரிக்ஸ் சுமார் 50 கோடி டொலருக்கு வாங்கியது. அமெரிக்காவின் பெர்க்லியில் வேறொரு ஏற்பாடு: கூகுள், மைக்ரோசொஃப்ட், சன் ஆகிய மூன்றும் சேர்ந்து 2005 இல் ஓர் ஆய்வகத்துக்குப் பணம் போட முன்வந்தன. முகில் கணிமை என்றால் என்ன, அதில் தீராத சிக்கல்கள் எவை என்று அந்தக் கூடம் 2009 பெப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையைத் துறைக்குள் வரும் மாணவர் இன்றும் தேடிப் படிக்கிறார்கள். போட்டியாளர் மூவர் ஒரே கூடத்துக்குப் பணம் கொடுத்தது விநோதம்தான். தம் பொறியியலாளர் தினமும் முட்டிக்கொள்ளும் சிக்கல்களைப் பார்க்க அவர்களுக்கே நேரமில்லை. பல்கலைக்கழகத்தில் நேரம் இருந்தது.

இலங்கையில் இப்படிப் பணம் போட யாரும் இருக்கவில்லை. இருந்தது ஒரு மனிதரின் பிடிவாதம். சஞ்சீவ வீரவரண அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, ஐபிஎம் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை செய்து, இணையச் சேவைகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான தரங்களை எழுதியவர்களில் ஒருவர். நாடு திரும்பி 2003 இல் லங்கா மென்பொருள் மன்றத்தைத் தொடங்கினார். நோக்கம் நேரடியானது: உலகம் பயன்படுத்தும் திறந்த மூல மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களாக மட்டும் இல்லாமல், எழுதுகிறவர்களாகவும் இலங்கையர் இருக்கவேண்டும். மன்றத்தில் சேர்ந்த இளைஞர்களில் பலர் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல், பொறியியல் துறையிலிருந்து வந்தவர்கள். அவர்கள் கைபோட்ட அப்பாச்சி ஆக்சிஸ்2 என்ற இணையச் சேவை இயந்திரம் 2006 மே மாதம் முதல் பதிப்பைக் கண்டது. அதற்கு முந்தைய ஆண்டில் சஞ்சீவவும் இன்னும் இருவரும் சேர்ந்து டபிள்யூஎஸ்ஓ2 என்ற மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார்கள்.

சி மொழியில் எழுதப்பட்ட ஆக்சிஸ்2 வடிவம் ஒன்றும் உண்டு. அதன் பெரும்பகுதி கொழும்பில் எழுதப்பட்டது. கலிபோர்னியாவின் சாந்தா பார்பரா வளாகத்தில் ஒரு பேராசிரியரும் மாணவர்களும் 2008 இல் யூக்கலிப்டஸ் என்ற மென்பொருளை வெளியிட்டார்கள். அமேசான் நடத்துவதுபோன்ற முகிலை யாரும் தன் சொந்தக் கணினிகளில் அமைத்துக்கொள்ள அது வழிசெய்தது. அதன் உட்பகுதிகள் ஒன்றோடொன்று பேசியது அந்த சி வடிவ ஆக்சிஸ்2 வழியாகத்தான். நாசா தன் நெபுலா முகிலை முதலில் யூக்கலிப்டஸ் மேல்தான் கட்டிப் பார்த்தது. கொழும்பில் எழுதிய வரிகள் இப்படியாக நாசா வரை போயின. எந்தப் புரிந்துணர்வு ஒப்பந்தத்திலும் யாரும் கையெழுத்திடவில்லை, எந்த அமைச்சரும் குத்துவிளக்கு ஏற்றவில்லை. நிரல் திறந்திருந்தது, அவ்வளவுதான்.

பல்கலைக்கழகமும் தொழிற்றுறையும் சேரவேண்டும் என்று நம் நாட்டில் பேசப்படும்போதெல்லாம் ஒப்பந்தம், நிதி, குழு, கூட்டம் என்றே பேச்சு போகிறது. மொறட்டுவையிலும் டபிள்யூஎஸ்ஓ2விலும் நடந்ததைப் பார்த்தால், இரு தரப்பும் ஒரே நிரலைத் திறந்துவைத்து வேலை செய்ததுதான் பிரதான காரணமாகத் தெரிகிறது. மாணவன் எழுதிய திருத்தத்தை நிறுவனப் பொறியியலாளர் பார்க்கிறார். பொறியியலாளர் விட்ட பிழையை மாணவன் கண்டுபிடிக்கிறான். விரிவுரையாளர் இருவரையும் பார்க்கிறார். கூகுள் நடத்திய கோடைகால நிரலாக்கத் திட்டத்தில் அதன் முதல் பத்தாண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்களைக் கொடுத்த பல்கலைக்கழகமாக மொறட்டுவை நின்றதற்கும் இந்தப் பழக்கமே காரணம் என்று நினைக்கிறேன்.

2010 இல் மயாமி நகரில் நடந்த ஐஇஇஇ முகில் கணிமை மாநாட்டில் டபிள்யூஎஸ்ஓ2 பொறியியலாளர்கள் ஒரு கட்டுரை வாசித்தார்கள். முதல் பெயர் அப்கம் அசீஸ். கூட ஸ்ரீநாத் பெரேரா, சஞ்சீவ வீரவரண உள்ளிட்ட பலர். கட்டுரையின் கேள்வி: ஒரே மென்பொருளை, ஒரே சேவையகத்தில், ஒருவரையொருவர் அறியாத பல வாடிக்கையாளர் நிறுவனங்கள் பயன்படுத்துவது எப்படி? இதைப் பல்குடியிருப்பு என்று சொல்லலாம். மலையகத்தவருக்கு இதை விளக்கப் பாடநூல் தேவையில்லை. லயத்தைப் பார்த்தால் போதும். ஒரே கூரை, ஒரே நீளச் சுவர், பத்துக் காம்பராக்கள், பத்துக் குடும்பங்கள். கட்டியவருக்குச் செலவு குறைவு. ஆனால் ஒரு வீட்டில் வானொலி சத்தமாகப் போட்டால் அடுத்த வீட்டுப் பிள்ளைக்குப் படிக்க முடியாது. ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் முழு லயமும் போகும்.

மென்பொருளிலும் ஆபத்துகள் இவையே. ஒரு வாடிக்கையாளரின் நிரல் முடிவில்லாமல் ஓடி நினைவகத்தை விழுங்கினால் மற்றவர்களின் சேவை மந்தமாகும். ஒருவரின் தரவு இன்னொருவரின் திரையில் வந்தால் நிறுவனமே மூடவேண்டி வரும். எனவே நிரல் ஓட்டத்தைப் பிரிக்கவேண்டும், அனுமதிகளைப் பிரிக்கவேண்டும், தரவைப் பிரிக்கவேண்டும். தரவுக்கு மட்டும் பல தெரிவுகள்: ஒவ்வொருவருக்கும் தனித் தரவுத்தளம், அல்லது ஒரே தரவுத்தளத்தில் தனித்தனி அட்டவணைகள், அல்லது ஒரே அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் உரிமையாளர் யார் என்று ஓர் அடையாளம். முதலாவது பாதுகாப்பானது, செலவானது. கடைசியானது மலிவு, ஆனால் நிரலாளர் ஓரிடத்தில் அந்த அடையாளத்தைச் சரிபார்க்க மறந்தால் சுவரே இல்லாமல் போய்விடும். இந்தச் சிந்தனையிலிருந்து அந்நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோஸ் என்ற முகில் தளம் பிறந்தது. 2013 இல் அதைத் திறந்த மூல மென்பொருளைப் பேணும் அப்பாச்சி அறக்கட்டளைக்கே கொடுத்துவிட்டார்கள்.

அசீஸ் நிறுவனத்தில் வேலை செய்துகொண்டே மொறட்டுவையில் முதுமாணிப் படிப்பும் படித்தார். ஆய்வுத் தலைப்பு, அமேசானின் வாடகைக் கணினிகளில் இணையச் சேவைகள் தாமாக விரிந்து சுருங்குவது. பகலில் நிறுவனத்தில் முட்டிக்கொண்ட சிக்கலையே மாலையில் பல்கலைக்கழகத்தில் ஆய்வாக எழுதினார் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். பகுதிநேர முதுமாணி மாணவரைவிடச் சிறந்த பாலம் இந்தத் துறையில் இல்லை.

இளமாணி மாணவர்களிடமிருந்து வந்த கதை இன்னும் சுவையானது. மொறட்டுவையில் இறுதியாண்டு மாணவர் நால்வர் ஒரு குழு செயற்றிட்டத்தை எடுத்தார்கள். ஸ்ரீஸ்கந்தராஜா சுகோதயன் அவர்களில் ஒருவர். வழிகாட்டியவர்கள் டபிள்யூஎஸ்ஓ2விலிருந்து ஸ்ரீநாத் பெரேரா, பல்கலைக்கழகத்திலிருந்து விசாகா நாணயக்கார. அவர்கள் கட்டியது சித்தி என்ற நிகழ்வு ஆய்வு இயந்திரம். வழக்கமான தரவுத்தளத்தில் தரவு சேமிக்கப்பட்டிருக்கும், நாம் போய்க் கேள்வி கேட்போம். சித்தியில் கேள்விதான் நிலையாக உட்கார்ந்திருக்கும். தரவு அதன் முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு வங்கி அட்டை கண்டியில் பாவிக்கப்பட்டு, பத்து நிமிடத்துக்குள் அதே அட்டை மாத்தறையில் பாவிக்கப்பட்டால் சத்தம் போடு என்பது ஒரு கேள்வி. ஒவ்வொரு கொடுக்கல்வாங்கலும் ஓடி வரும்போது, கேள்வியின் முதல் பாதி பொருந்துகிறதா என்று பார்த்து நினைவில் வைத்து, இரண்டாம் பாதிக்குக் காத்திருந்து, பத்து நிமிடம் கடந்தால் மறந்துவிடவேண்டும். லட்சக்கணக்கான அட்டைகளுக்கு இதை ஒரே நேரத்தில் செய்யவேண்டும். எதை மறப்பது, எப்போது மறப்பது என்பதில்தான் வேகம் இருக்கிறது.

2011 நவம்பரில் சியாட்டில் நகரில் நடந்த ஓர் ஆய்வரங்கில் அந்தக் கட்டுரை வெளியானது. சாதாரணமாக இதோடு கதை முடிந்திருக்கும்: புள்ளி கிடைக்கும், பட்டம் கிடைக்கும், நிரல் யாருடைய மடிக்கணினியிலாவது தூங்கும். இங்கே நிறுவனம் அதைத் தன் பொருளின் இதயமாக எடுத்துக்கொண்டது, சுகோதயனும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்து அதைத் தொடர்ந்து வளர்த்தார். ஈபே நிறுவனம் தன் பெருந்தரவுத் தொகுதிகளைக் காவல் காக்க எழுதிய ஈகிள் என்ற மென்பொருள் உள்ளே சித்தியைத்தான் பாவித்தது. ஊபரும் தன் நிகழ்வு ஓடைகளை ஆராய அதை எடுத்துக்கொண்டது. நாலு பேரின் இறுதியாண்டு வேலை.

இனி, முதலில் விட்ட கேள்விக்கு வரலாம்: எப்போது எடுப்பது, எப்போது திருப்பிக் கொடுப்பது.

2016 இல் மொறட்டுவையின் இன்னொரு இறுதியாண்டுக் குழு, டிலும் பண்டாரவின் வழிகாட்டலில், இன்டெலிஸ்கேலர் என்ற தானியங்கி அளவுமாற்றியைச் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஐஇஇஇ முகில் மாநாட்டில் முன்வைத்தது. அடித்தளம் அதே ஸ்ட்ராட்டோஸ். சோதனைக்கு, இணைய ஏலத் தளம் ஒன்றைப்போல நடிக்கும் மென்பொருளை அமேசான் கணினிகளில் ஓடவிட்டார்கள். அதுவரை பெரும்பாலான தளங்களில் விதி எளிமையானது: கணினியின் சுமை இத்தனை வீதத்தைத் தாண்டினால் ஒரு கணினியைக் கூட்டு, இத்தனைக்குக் கீழே இறங்கினால் ஒன்றைக் குறை. சிக்கல் என்னவென்றால் புதிய கணினி எழும்பி வேலைக்குத் தயாராகச் சில நிமிடங்கள் பிடிக்கும். சுமை வந்த பிறகு கூப்பிட்டால் அது வந்து சேர்வதற்குள் பாவனையாளர் போய்விடுவார். எனவே மாணவர்கள் சுமையை முன்கூட்டிக் கணிக்க முயன்றார்கள். எந்த ஒரு கணிப்பு முறையும் எல்லாச் சுமைக்கும் பொருந்தாது. பகல் இரவு என ஒழுங்காக ஏறி இறங்கும் சுமைக்கு ஒன்று, திடீரெனக் குதிக்கும் சுமைக்கு வேறொன்று. பல முறைகளையும் ஒன்றாக ஓடவிட்டு, அண்மையில் எது சரியாகச் சொன்னதோ அதன் பேச்சுக்கு அதிக மதிப்புக் கொடுத்தார்கள்.

அடுத்தது விலை. கணினி குறைந்தால் பாவனையாளர் காத்திருப்பார், அதற்கு ஒரு தண்டம்; கணினி கூடினால் வாடகை. இரண்டையும் கூட்டி எது குறைவோ அந்த எண்ணிக்கையைத் தேர்ந்தார்கள்.

என்னைக் கவர்ந்தது மூன்றாவது பகுதி. அமேசான் அந்நாளில் முழு மணிநேரத்துக்குத்தான் பணம் எடுத்தது. காலை 10 மணிக்கு ஒரு கணினியை எடுக்கிறீர்கள். 10.20க்குச் சுமை குறைகிறது, கணினியை நிறுத்துகிறீர்கள். மிச்சம் நாற்பது நிமிடத்துக்கும் ஏற்கனவே பணம் கொடுத்தாகிவிட்டது. 10.35க்குச் சுமை மறுபடி ஏறுகிறது, புதிதாக ஒன்றை எடுக்கிறீர்கள். இன்னொரு முழு மணிநேரத்துக்குப் பணம். நிறுத்தாமல் விட்டிருந்தால் 11 மணி வரை ஒரே மணிநேரச் செலவோடு, புதியது எழும்பும் வரை காத்திராமல் வேலை நடந்திருக்கும். ஆகவே இன்டெலிஸ்கேலர் வேலையில்லாத கணினியை உடனே கொல்வதில்லை. காசு கொடுத்த மணிநேரம் முடியும் தறுவாயில் மட்டும், இன்னமும் தேவையில்லையா என்று பார்த்துக் கொல்லும். கடைக்கார மூளை. எந்தக் கணிதப் பாடத்திலும் வராத அறிவு இது. மாதக் கடைசியில் வாடகைச் சீட்டைப் பார்த்தவருக்கு மட்டும் தோன்றும்.

அடுத்த ஆண்டு, 2017 ஒக்டோபரில், அமேசான் மணிக்கணக்கு வாடகையை வினாடிக்கணக்காக மாற்றியது. அந்த மூன்றாவது பகுதியின் தேவை பெருமளவு ஒரே நாளில் போயிற்று. ஸ்ட்ராட்டோஸும் நிலைக்கவில்லை. கூகுள் 2014 இல் வெளியிட்ட குபெர்னெட்டீஸ் என்ற மென்பொருள் களத்தைப் பிடித்துக்கொள்ள, அப்பாச்சி அறக்கட்டளை ஸ்ட்ராட்டோஸை ஓய்வுபெற்ற திட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. முதற்பகுதியின் கதை வேறு: சுமையை முன்கூட்டிக் கணித்துக் கணினி கூட்டும் வசதியை அமேசானே 2018 நவம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மாணவர்களைப் பார்த்து அமேசான் செய்தது என்று நான் சொல்ல வரவில்லை. உலகின் பல ஆய்வகங்கள் இதே கேள்வியில் இருந்தன. கேள்வி சரியான கேள்வி என்பது மட்டும் உறுதியாயிற்று.

முகில் ஆராய்ச்சியில் கூட்டு முயற்சி ஏன் அவசியம் என்பதற்கும், ஏன் கஷ்டம் என்பதற்கும் இந்த ஒரு செயற்றிட்டமே போதுமான சான்று. பௌதிகத்தில் ஈர்ப்பு விசையின் விலைப்பட்டியல் மாறுவதில்லை. இங்கே ஆய்வுப் பொருளே ஒரு நிறுவனத்தின் விலைப்பட்டியல். அதை அறிந்தவர் தொழிற்றுறையில் இருக்கிறார், ஆற அமர யோசிக்க நேரம் உள்ளவர் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார். பட்டம் நாலு ஆண்டு, நிறுவனத்தின் பார்வை அடுத்த காலாண்டு. இடையில் சந்திக்கும் இடம் பெரும்பாலும் மூன்றாம் ஆண்டுத் தொழிற்பயிற்சிதான். மாணவர் ஆறு மாதமளவில் நிறுவனத்தில் உட்கார்ந்து, திரும்பி வரும்போது ஒரு கேள்வியோடு வந்தால் இறுதியாண்டு உருப்படும். வெறும் சான்றிதழோடு வந்தால், எங்கோ படித்த தலைப்பைக் கொஞ்சம் திருத்தி எழுதுவதில் போய்விடும்.

ஆட்களும் போய்விடுகிறார்கள். ஸ்ரீநாத் பெரேரா அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் முடித்துத் திரும்பி வந்தார். அதே வழியில் போன மொறட்டுவைக்காரர் பலர் திரும்பவில்லை. இழப்பு என்று ஒரே சொல்லில் முடிக்க எனக்கு மனமில்லை. அப்படிப் போனவர்களின் தொடர்பில்தான் அடுத்தடுத்த மாணவர்களுக்குக் கதவு திறந்தது.

வத்தேகம இருக்கும் கண்டிப் பக்கத்துக்கு இதில் என்ன பங்கு? இதுவரை சொன்னவை எல்லாம் மொறட்டுவையும் கொழும்பும். மென்பொருள் நிறுவனங்கள் பெரும்பாலும் அங்கே இருப்பதால் பேராதனை மாணவரும் தொழிற்பயிற்சிக்குக் கொழும்பில் அறை தேடவேண்டியிருக்கிறது. ஆனால் நாட்டின் பல்கலைக்கழகங்களை இணைக்கும் வலையமைப்பு நடத்தப்படுவது பேராதனை வளாகத்திலிருந்து. லேர்ன் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இலங்கைக் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு 1990 அளவில் மொறட்டுவைப் பேராசிரியர் அபய இந்துருவவின் முயற்சியில் மின்னஞ்சல் சேவையாகத் தொடங்கியது. பொதுமக்களுக்கு இணையம் என்ற சொல் பழகுமுன்பே பல்கலைக்கழகங்கள் அதில் கடிதம் பரிமாறின.

வத்தேகமவிலிருந்து பேராதனை சுமார் 20 கிலோமீற்றர். 1880 இல் திறந்த மாத்தளை ரயில் பாதையில் ஏறி, கண்டியைத் தாண்டி சரசவி உயனவில் இறங்கினால் வளாகம். 2020 மார்ச்சில் அந்த ரயிலும் நின்றது, வளாகமும் மூடப்பட்டது. விரிவுரைகள் சூம் வழியே நடக்கத் தொடங்கியபோது முதல் தடை டேட்டா செலவு. தோட்டத்தில் நாட்சம்பளத்துக்குக் கொழுந்து பறிக்கும் தாயின் மகள் தினமும் மூன்று மணிநேரக் காணொலி பார்ப்பது நடக்கிற காரியமில்லை. பல்கலைக்கழகத் தளங்களைப் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைக்குழுவும் தொலைபேசி நிறுவனங்களும் இணங்கின. ஆனால் சூமின் சேவையகங்கள் வெளிநாட்டில். மாணவியின் விரிவுரையும் வேறு யாரோ ஒருவரின் குடும்ப அரட்டையும் தொலைபேசி நிறுவனத்தின் கண்ணுக்கு ஒரே இடத்துக்குப் போகும் தரவுதான். எதற்குக் கட்டணம் விடுவது?

தீர்வு வழியமைப்பில் இருந்தது. காணொலிப் போக்குவரத்தை லேர்னின் கட்டுப்பாட்டில் உள்ள, நாட்டுக்குள் இருக்கும் சேவையகங்கள் வழியே திருப்பினார்கள். அந்த முகவரிகள் தொலைபேசி நிறுவனங்களுக்குத் தெரியும். அங்கே போகும் தரவுக்குப் பணம் எடுக்காமல் விட்டால் போதும். வெளிநாட்டு நிறுவனத்தின் முகில், நாட்டுப் பல்கலைக்கழகங்களின் வலையமைப்பு, தனியார் தொலைபேசிக் கோபுரங்கள் ஆகிய மூன்றும் ஒரே காரியத்துக்கு வளைந்துகொடுத்தன. இதற்கு ஆய்வுக் கட்டுரையின் கவர்ச்சி இல்லை. ஆனால் இந்த அத்தியாயத்தில் சொன்ன எதைவிடவும் அதிகப் பிள்ளைகளுக்குப் பயன்பட்டது இதுவே என்பது என் தீர்ப்பு. கோபுரமே எட்டாத மேட்டு லயத்தில் இதுவும் உதவவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இலவச டேட்டா சிக்னலை உண்டாக்காது.

அறிவு வளாகத்துக்குள் மட்டும் இருந்தால் என்னாகும் என்பதற்கு எதிர் உதாரணமும் உண்டு. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்க முகில், தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பணயத் தாக்குதலுக்கு உள்ளானது. அரச மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 5,000 பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அஞ்சல்களுக்கு மாற்றுப் பிரதி இருக்கவில்லை. பிரதி எடுத்துவைப்பது ஆராய்ச்சி வினா அல்ல, முதலாமாண்டுப் பாடம்.

கடைசியாக, பணமே கேட்காத ஒரு வேண்டுகோள். தானியங்கி அளவுமாற்றியைச் சோதிக்க உண்மையான சுமைப் பதிவு வேண்டும். உலக ஆய்வாளர் பல ஆண்டுகளாகப் பாவித்த பதிவுகளில் ஒன்று, 1998 இல் பிரான்ஸில் நடந்த கால்பந்து உலகக் கிண்ணத்தின் இணையத்தளப் பதிவு: சுமார் 135 கோடிக் கோரிக்கைகள். 2011 இல் கூகுள் தன் தொகுதி ஒன்றின் பதிவை, ஏறத்தாழ 12,500 கணினிகளின் 29 நாள் நடவடிக்கையை, அடையாளங்களை நீக்கி வெளியிட்டது. 2017 இல் அலிபாபாவும் அவ்வாறே செய்தது. நம் மாணவர் நம் நாட்டு முகிலை ஆராய, கால்பந்து இரசிகர்கள் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் முன்னர் எப்போது எதைத் தட்டினார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. புத்தாண்டுக்கு முதல் நாள் ரயில் ஆசனப் பதிவு, எரிவாயு வரிசைக் காலத்து விநியோகச் செயலி, மின்வெட்டு அட்டவணைத் தளம் என்று நம்மிடம் ஓடிய சுமைகளின் போக்கே வேறு.

வங்கியிலோ தொலைபேசி நிறுவனத்திலோ செயலி நிறுவனத்திலோ இத்தகைய பதிவுக் கோப்பு உங்கள் கையில் இருந்தால், பெயரும் தொலைபேசி இலக்கமும் இல்லாமல் மூன்று நெடுவரிசைகளை மட்டும் பிரித்தெடுங்கள்: நேரம், கோரிக்கைகளின் எண்ணிக்கை, பதில் வர எடுத்த வினாடி. மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி, பேராதனையிலோ மொறட்டுவையிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள கணினித் துறைத் தலைவருக்கு அனுப்பிவையுங்கள்.